பெயர் சொல்லாத கவிதை

சூளூர்பேட்டையிலிருந்து கிழக்கே போகும் சாலை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே கடந்து ஸ்ரீஹரிகோட்டா தீவை அடைகிறது. 1971 முதல் அந்தத் தீவிலிருந்து ராக்கெட்டுகள் ஏவப்படுகின்றன. ஒரு ராக்கெட் கிளம்பும்போது அதன் உடலெங்கும் பொருத்தியிருக்கும் உணரிகள் வெப்பம், அழுத்தம், அதிர்வு எல்லாவற்றையும் அளந்து இடைவிடாமல் தரைக்கு அனுப்புகின்றன. அதே நேரத்தில் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும், "அதை எப்படிச் சொல்றது" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இயந்திரத்தின் உள்நிலை எண்ணாக வந்து விழுகிறது, மனிதரின் உள்நிலை சொல்லாக வர மறுக்கிறது. உணர்ச்சி பெரியது, மொழி சிறியது, அதனால்தான் இந்தத் தடுமாற்றம் என்று நாம் வழக்கமாகச் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். கடந்த ஐம்பது ஆண்டுகளின் உளவியல் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சமாதானம் பாதி உண்மைதான் என்று தெரிகிறது. உணர்ச்சி உடலுக்குள் மட்டும் நிகழ்வதில்லை. உடலும் அது இருக்கும் சூழலும் சேர்ந்துதான் அதை உண்டாக்குகின்றன. 'பயம்', 'துக்கம்' என்று பெயர் வைக்கும்போது சூழல் கழன்றுவிடுகிறது. கவிதை அந்தச் சூழலைத் திரும்பக் கட்டித் தருகிறது. இதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். இதற்கான மிகப் பழைய, மிக ஒழுங்கான சான்று தமிழ் அகப்பாட்டில் இருக்கிறது.

நாடித்துடிப்பு சொல்லாதது

உடலிலிருந்தே தொடங்குவோம். ஏவுதளத்தை நோக்கி நிற்கும் மூன்று பேரை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் அந்த ராக்கெட்டின் ஒரு பாகத்தை வடிவமைத்த பொறியாளர். இன்னொருவர் முதல் முறையாக ஏவுதலைப் பார்க்க வந்த பள்ளிச் சிறுமி. மூன்றாமவர், ஏவும் நாளில் கடலுக்குள் போகக்கூடாது என்று எச்சரிக்கப்பட்டதால் அன்றைய வருமானத்தை இழந்த மீனவர். மூவருக்கும் நெஞ்சு படபடக்கலாம், உள்ளங்கை வியர்க்கலாம். கருவியை வைத்து அளந்தால் மூன்று வரைபடங்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம். ஒவ்வோர் உணர்ச்சிக்கும் நாடித்துடிப்பிலும் வியர்வையிலும் தனித்த முத்திரை உண்டா என்பதை எரிக்கா சீகலும் அவருடைய குழுவினரும் 2018இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பரிசீலித்தார்கள். கோபத்துக்கு இது, பயத்துக்கு இது என்று உறுதியாகச் சொல்லத்தக்க முத்திரை எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 2014இல் ஃபின்லாந்தின் லவுரி நும்மென்மா குழு 701 பேரிடம், எந்த உணர்ச்சியின்போது உடலின் எந்தப் பகுதி சூடேறுகிறது, எது சோர்கிறது என்று மனித உருவப்படத்தில் வண்ணம் தீட்டச் சொன்னபோது, ஃபின்லாந்து, ஸ்வீடன், தைவான் மக்களின் படங்கள் ஒன்றை ஒன்று ஒத்திருந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு செய்தி கிடைக்கிறது. உடலில் ஏதோ நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிகிறது, அது எங்கே நடக்கிறது என்பதில்கூட ஒற்றுமை இருக்கிறது. அது எந்த உணர்ச்சி என்பதை மட்டும் உடல் தனியாகத் தீர்மானிப்பதில்லை. பொறியாளரின் படபடப்பைச் சிறுமியின் படபடப்பிலிருந்து பிரிப்பது அவர்கள் எதற்காக அங்கே நிற்கிறார்கள் என்பதுதான்.

எளிய அனுபவமான உடல்வலியிலும் இதே நிலைதான். கனடாவின் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியலில் 78 சொற்கள் 20 குழுக்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் கணிசமானவை கத்தி, நெருப்பு, இடுக்கி போன்றவற்றின் செயலைச் சொல்லும் சொற்கள். கத்தி படாதவரும் குத்துகிறது என்கிறார், நெருப்பு தொடாதவரும் எரிகிறது என்கிறார். நம் ஊர் மருத்துவமனை வரிசையில் கேட்கும் 'விண்விண்ணுன்னு தெறிக்குது', 'குடையுது', 'சுருக்குன்னு இழுக்குது' என்பனவும் இந்த வகைதான். வலியை நேராகச் சுட்டும் வழி மொழியில் இல்லாதபோது, கேட்பவர் அறிந்த ஒரு நிகழ்ச்சியை அவர்முன் வைத்து அதன் வழியாக வலியை உணர வைக்கிறோம். மருத்துவரும் அதை ஏற்றுக்கொண்டு நோயைக் கணிக்கிறார். உருவகத்தை மொழியின் அலங்காரம் என்று நினைக்கிறோம். வலியைப் பொறுத்தவரை அது அளவுகோலாகவே வேலை செய்கிறது.

பெயர் செய்யும் வேலை

அப்படியானால் உணர்ச்சிகளுக்குப் பெயர் வைப்பது வீண் வேலையா? இல்லை என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. கலிபோர்னியாவின் மேத்யூ லிபர்மன் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, மூளையில் அபாய எச்சரிக்கையோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்தது. நெற்றிக்குப் பின்னால், வலப்பக்கத்தில் இருக்கும் முன்மூளைப் பகுதியின் செயல்பாடு கூடியது. 2012இல் கிர்கான்ஸ்கி, லிபர்மன், கிராஸ்க் மூவரும் சிலந்தியைக் கண்டால் நடுங்குபவர்களை ஒரு பெரிய சிலந்தியின் அருகே கொண்டுபோனார்கள். தம் பயத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அதை அணுகியவர்களுக்கு, ஒரு வாரம் கழித்து மறுபடி அணுகியபோது உடலின் பதற்றம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. மறுபுறம், தமக்குள் நிகழ்வதை இனம்கண்டு சொல்ல இயலாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் இந்த இயல்புக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர் கொடுத்தார். இது ஒரு நோயின் பெயரன்று, மக்களிடையே கூடியும் குறைந்தும் காணப்படும் இயல்பு. இது மிகுதியாக உள்ளவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்கு இருக்கலாம் என்பது பல கணக்கெடுப்புகள் தரும் மதிப்பீடு. பெயர் தெரியாத கலக்கம் இவர்களுக்குத் தலைவலியாகவும் வயிற்றுக்கோளாறாகவும் மட்டுமே புலப்படலாம். ஆகவே பெயர் ஒரு கைப்பிடி என்பதில் ஐயமில்லை. பெயர் வைத்தால் உணர்ச்சி அடங்குகிறது.

ஆனால் அடங்குவதும் பிறருக்குப் போய்ச் சேர்வதும் ஒன்றல்ல. பெயரிடுவதற்கு ஒரு விலை உண்டு என்பதை ஜொனாதன் ஸ்கூலர் 1990இல் செய்த சோதனைகள் வேறொரு துறையில் காட்டின. ஒரு திருட்டைப் படமாகக் காட்டி, சிலரிடம் மட்டும் திருடனின் முகத்தைச் சொற்களால் விவரிக்கச் சொன்னார்கள். பிறகு பல முகங்களை வைத்து அடையாளம் காட்டச் சொன்னபோது, விவரித்தவர்கள் விவரிக்காதவர்களைவிட அதிகமாகத் தவறினார்கள். 2014இல் பல ஆய்வகங்கள் ஒன்றுசேர்ந்து இதை மறுபடி செய்து பார்த்தபோது, விளைவின் அளவு சோதனை நடக்கும் நேர இடைவெளியைப் பொறுத்து மாறினாலும், விளைவு உண்மை என்பது உறுதியானது. மூக்கு, தாடை, புருவம் என்று சொல்லால் பிரிக்கத்தக்கதை மனம் பற்றிக்கொள்கிறது, பிரிக்க முடியாத முழுமை நழுவுகிறது. முகத்துக்கு நேர்வது உணர்ச்சிக்கும் அப்படியே நேரும் என்று இந்தச் சோதனை நிறுவவில்லை. ஆனால், 'துக்கமாக இருக்கிறேன்' என்று சொல்லி முடித்தபின் சொல்ல வந்தது இதுவல்ல என்று நமக்கு ஏன் தோன்றுகிறது என்பதை யோசிக்க இது ஒரு வழி காட்டுகிறது. பொருத்தமான சொல்லைத்தான் சொல்லியிருப்போம். அந்தச் சொல், வேறு ஆயிரம் பேரின் வேறு ஆயிரம் துக்கங்களுக்கும் அதே அளவு பொருந்துகிறது என்பதுதான் குறை.

வேங்கடத்துக்கு அப்பால்

இந்தக் குறைக்குத் தமிழ்க் கவிதை கண்ட தீர்வைப் பார்க்கச் சூளூர்பேட்டை பொருத்தமான இடம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகச் சொல்லும் வேங்கடமலை, இந்த ஊருக்கு மேற்கே, ஏறத்தாழ இதே அட்சரேகையில் இருக்கிறது. அகநானூற்றில் மாமூலனார் பாடிய பாலைப் பாடல்களில் புல்லி என்ற தலைவனின் வேங்கடமும், அதைத் தாண்டி மொழி மாறும் நாடும் மீண்டும் மீண்டும் வருகின்றன. பொருள் தேடிப் போனவன் அந்த மலையைக் கடந்துவிட்டான் என்பதை அவை சொல்கின்றன. பிரிந்திருப்பவளின் ஏக்கம் எவ்வளவு என்று கேட்டால் அதற்கு அலகு கிடையாது. அவன் போன வழியின் வெயில், வறண்ட மரங்கள், வழிப்பறிக்காரர், எல்லையைத் தாண்டியதும் காதில் விழும் புரியாத பேச்சு இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் கேட்பவரின் மனம் தானாகவே தூரத்தைக் கணக்கிடத் தொடங்கிவிடுகிறது. புவியியல் இங்கே உணர்ச்சியின் அளவாகிறது.

தனிப்பட்ட ஒரு கவிஞரின் சாமர்த்தியமாக நின்றுவிடாமல் இது இலக்கணமாகவே வகுக்கப்பட்டது. நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்த நிலத்தின் மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள், மனிதருக்குள் நிகழ்வது உரிப்பொருள். குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்குக் காத்திருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு என்று அமையும் இந்த ஒழுங்குதான் திணை. சூளூர்பேட்டையின் கிழக்கு எல்லையில் இருப்பது அசல் நெய்தல் நிலம். உப்பங்கழியும் சேற்றில் இரை தேடும் நாரைகளும் மீன்பிடி ஊர்களும் அங்கே இன்றும் உண்டு. நெய்தல் பாட்டில் தலைவி தன் இரங்கலைப் பெயர் சொல்லி அறிவிக்கத் தேவையில்லை. கழியும் பறவையும் சாயும் பொழுதும் முதலில் வந்துவிட்டால் கேட்பவர் பாதி வழி வந்துவிடுகிறார். சொல்லாமல் விட்டதை நிலக்காட்சிக்குள் வைத்து உணர்த்தும் உள்ளுறை உவமத்துக்குத் தொல்காப்பியம் தனி இடமே கொடுக்கிறது. ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது உள்ளும் புறமும் ஒன்றாகும் இந்த உத்தியைத்தான் நூலின் மையமாக வைத்தார்.

இதைவிட வியப்பளிப்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்ச்சிகளை அது எண்ணுகிறது. ஒவ்வொன்றையும் விளக்கும்போது அது மனதுக்குள் எப்படி இருக்கும் என்று வருணிப்பதில்லை, எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு காரணங்களைத் தருகிறது. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பெருமிதத்துக்குக் கல்வி, வீரம், புகழ், கொடை. மருட்கைக்குப் புதியது, பெரியது, சிறியது, ஒன்று இன்னொன்றாக ஆவது. ராக்கெட்டைப் பார்த்து வாயடைத்து நிற்பவருக்கு இந்தப் பட்டியலில் இரண்டு காரணங்களாவது பொருந்தும். எட்டு உணர்ச்சி, முப்பத்திரண்டு சூழல் என்பது ஓர் அகராதியின் வடிவமன்று, நிகழ்ச்சிகளின் வகைப்பாடு. இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர் ஒருவரும் தம்மை அறியாமலே இதற்கு அருகில் வந்தார். அடிப்படை உணர்ச்சிகள் மனிதகுலம் முழுமைக்கும் பொது என்று வாதிட்ட பால் எக்மன், 1960களின் இறுதியில் பப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் முகப்படங்களைக் காட்டிச் சோதித்தார். மொழி தடையாக இருந்ததால் உணர்ச்சிப் பெயர்களைக் கேட்பதை விட்டுவிட்டு, குழந்தையைப் பறிகொடுத்தவள், நண்பர் வரக் கண்டவன் என்று சிறு கதைகளைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் முகத்தை எடுக்கச் சொன்னார். உணர்ச்சிகள் பிறவியிலேயே வருகின்றனவா, மூளை அவற்றைச் சூழலிலிருந்து கட்டுகிறதா என்பதில் எக்மனோடு கடுமையாக முரண்படுபவர் லிசா ஃபெல்ட்மன் பாரெட். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ஒரு பண்பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு உணர்ச்சியைக் கொண்டுசெல்ல எக்மனுக்கும் ஒரு கதைச்சூழல் தேவைப்பட்டது.

கவிதை கேட்பவரின் உடலையும் தொடுகிறது என்பதற்குக் கருவிச் சான்றும் உண்டு. வாசிலிவிட்ஸ்கி குழு 2017இல் ஜெர்மன் மொழிக் கவிதைகளைக் கேட்பவர்களின் தோலைக் கேமராவால் பதிவுசெய்தது. மயிர்க்கூச்செறிதல் கண்ணுக்குத் தெரிந்தது. அது அடிகள், பத்திகள், கவிதை ஆகியவற்றின் முடிவிடங்களில் அதிகமாகத் திரண்டிருந்தது. அந்த உச்ச நொடியில் முகம் சுளிக்கும் தசையும் இயங்கியது, மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதிகளும் இயங்கின. வருத்தமும் மகிழ்வும் ஒரே நேரத்தில் நிகழும் அந்த நிலையை ஒற்றைப் பெயரால் சொல்வது கடினம், கவிதை அதைக் கேட்பவருக்குள்ளேயே நிகழ்த்திவிடுகிறது. ஒரு பெயர்ச்சொல்லுக்கு இல்லாத ஒன்று, காலம், கவிதைக்கு இருக்கிறது. அது தொடங்கி, எதிர்பார்ப்பை ஏற்றி, ஓரிடத்தில் அவிழ்கிறது. உணர்ச்சியும் காலத்தில்தான் நிகழ்கிறது.

எதிர்க் கேள்விகள்

இந்த வாதத்தை மறுப்பவர்கள் முதலில் கேட்பது, திணை ஒரு குறியீட்டு முறைதானே, அதைக் கற்காதவருக்கு நாரை வெறும் நாரையாகத்தானே தெரியும் என்பது. உண்மைதான். உரையில்லாமல் அகநானூற்றைப் படிக்கும் இன்றைய வாசகர் திணறுகிறார். ஆனால் உணர்ச்சிப் பெயர்களும் பிறவியிலேயே வருவதில்லை. குழந்தை அழும்போது "கோபமா?" என்றும் "பயந்துட்டியா?" என்றும் பெரியவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் அவை படிகின்றன. எல்லா வழிகளுக்கும் பயிற்சி தேவை என்றால், எது அதிகம் தருகிறது என்பதே கேள்வி. திணை மரபின் பெரும்பகுதி உடல் ஏற்கெனவே அறிந்தவற்றில் ஊன்றியிருக்கிறது. பொழுது சாய்கிறது, மழை வந்துவிட்டது, வர வேண்டியவர் வரவில்லை என்பதை உணர இலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. கவிஞர் கற்பனையாகக் கட்டிய சூழல் எப்படி ஒருவரின் சொந்த உணர்ச்சியைச் சொல்லும்? அகப்பாட்டில் ஆண் புலவர்கள் பெண்ணின் குரலில் பாடுகிறார்கள். தலைவன், தலைவி யாரையும் இயற்பெயரால் சுட்டக்கூடாது என்று விதியே இருக்கிறது. இதைக் குறையாகப் பார்ப்பவர், உணர்ச்சியைச் சொல்வது என்றால் எனக்குள் இருப்பதை அப்படியே எடுத்து வெளியே வைப்பது என்று கருதுகிறார். முன்பு பார்த்த சான்றுகள் அந்தக் கருத்துக்கு இடம் தரவில்லை. உடலின் படபடப்பு சூழலோடு சேர்ந்துதான் இன்ன உணர்ச்சி என்று ஆகிறது என்றால், அதே சூழலுக்குள் இன்னொருவரை நிறுத்துவதுதான் அவருக்கு அதைத் தெரிவிக்கும் வழி. பெயர் நீக்கப்பட்ட இடம் காலியாக இருக்கிறது, கேட்பவர் அங்கே போய் நிற்கிறார். அகமரபின் பெயரில்லா விதி உணர்ச்சியை மறைக்கும் ஏற்பாடு என்பதைவிட, பகிரும் ஏற்பாடு என்று கொள்வதே பொருத்தம்.

மூன்றாவது, மொழிவேறுபாடு. 2019இல் ஜோஷுவா ஜாக்சன் குழு 2,474 மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு, எந்த உணர்ச்சியோடு எது சேர்த்துப் பேசப்படுகிறது என்பது மொழிக்குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிறது என்று காட்டியது. இனிமையா கசப்பா, கொந்தளிப்பா அமைதியா என்ற இரண்டு அச்சுகள் மட்டும் எங்கும் பொதுவாகத் தெரிந்தன. அப்படியானால் கவிதையும் அவரவர் மொழிக்குள் சிறைப்பட்டதுதானே? சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வாழ்பவர்களுக்கு இது அன்றாடக் கேள்வி. கேத்தரின் ஹாரிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003இல் துருக்கி மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களைச் சோதித்தபோது, சிறுவயதில் கேட்ட கண்டிப்புச் சொற்கள் தாய்மொழியில் காதில் விழுந்தால் தோலின் வியர்வைக் குறி கூடுதலாக எழுந்தது, பின்னாளில் கற்ற மொழியில் குறைவாக எழுந்தது. பொருள் ஒன்றுதான். ஒரு மொழிச் சொல் அம்மாவின் குரலோடும் வீட்டு முற்றத்தோடும் சேர்ந்து வந்தது, இன்னொன்று பாடப்புத்தகத்திலிருந்து வந்தது. ஆக, சொல்லின் சூடும் அது கற்கப்பட்ட சூழலிலிருந்தே வருகிறது என்று கொள்ள இடமிருக்கிறது. இந்த மறுப்பு என் வாதத்துக்கு எதிராகத் தொடங்கி அதற்கே சான்றாக முடிகிறது.

கடைசியாக, கவிதையை மருந்தாக விற்பவர்களை எச்சரிக்கும் மறுப்பு. இதை நான் ஏற்கிறேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986 முதல் செய்த ஆய்வுகளில், மனத்தை வதைத்த நிகழ்ச்சிகளை நான்கு நாட்கள், நாளுக்குக் கால்மணி நேரம் எழுதியவர்களின் உடல்நலம் பின்னர் மேம்பட்டதாகத் தெரிந்தது. அத்தகைய 146 ஆய்வுகளை 2006இல் தொகுத்த ஜோயன் ஃப்ராட்டரோலி, பயன் உண்டு, ஆனால் சராசரியில் சிறியது என்று கணக்கிட்டார். எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல அது போதாது. ஆனாலும் பென்னிபேக்கரின் தொடக்க ஆய்வில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. உணர்ச்சியை மட்டும் கொட்டியவர்களைவிட, நிகழ்ச்சியையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்களுக்கே பின்னாளில் பலன் தெரிந்தது. சூழலைக் கழற்றிய சொல்லால் ஆகக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை இது இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது.

கேட்கும் முறை

இதிலிருந்து நடைமுறைக்கு இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, மனம் கலங்கி வருபவரிடம் கேட்கும் கேள்வி பற்றியது. "என்ன உணர்றீங்க?" என்பது பெயர் கேட்கும் கேள்வி. பெயர் வராதவர்களை அது மேலும் ஊமையாக்குகிறது. எப்போது, எங்கே, யார் இருந்தார்கள், அடுத்து என்ன நடந்தது என்று கேட்டால் அவர்கள் பேசத் தொடங்க வழி பிறக்கிறது, தேவையான பெயரைப் பிறகு இருவரும் சேர்ந்து கண்டுபிடிக்கலாம். பெயர் அடக்கும் வேலையைச் செய்யட்டும், அதற்கு முன் சூழல் சொல்லப்பட வேண்டும். இரண்டாவது, வகுப்பறை பற்றியது. ஒரு பாடலை நடத்திவிட்டு, இதன் மையக்கருத்து என்ன என்று கேட்டு, "பிரிவுத்துயர்" என்ற விடைக்கு இரண்டு மதிப்பெண் போடுகிறோம். கவிஞர் சொல்லாமல் விட்ட பெயரை மாணவரிடமிருந்து பிடுங்கி எடுத்து, கவிதை கட்டிய சூழலைக் கலைத்துவிடுகிறோம். அந்தப் பெயர் பாடலைப் படிக்கும் முன்பே மாணவருக்குத் தெரியும். பாடலில் எந்தப் பொழுது, எந்த நிலம், யார் யாரிடம் பேசுகிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கேட்டால், தன் மனத்தில் பெயரில்லாமல் கிடப்பதைப் பிறருக்கு எப்படிக் காட்டலாம் என்பதையும் அவர் கற்றுக்கொள்ள வாய்ப்புண்டு. மொழிக்கு எட்டாதது என்று நாம் ஒதுக்கும் உணர்ச்சிகளில் பல, பெயர்ச்சொல்லுக்கு மட்டுமே எட்டாதவை. மொழியில் பெயர்ச்சொல்லைத் தவிர வேறு எவ்வளவோ இருக்கிறது.